ஈர மணலுக்குக் கால்பங்கு கூட

காய்ந்த புளியம்பழத்தின் ஓட்டை யாரோ இரண்டு விரலால் மெதுவாக நெரிப்பதுபோல ஒரு சத்தம். ஒன்று கேட்கும். பிறகு ஒன்றும் இருக்காது. பிறகு வேறெங்கோ ஒன்று, அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று, கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் மூன்று நான்கு சேர்ந்தாற்போல. ரூபவதி அதை முதலில் கேட்டது எழுபத்தாறாம் வருஷம், பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். சோதனைக்கூடத்தில் ஆளுயரத்துக்கு நின்ற பச்சை யந்திரத்தின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு கான்கிரீட் கட்டியை வைத்து, உதவியாளர் தங்கையா சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். முள் ஏறிக்கொண்டே போயிற்று. கட்டி அசையவில்லை. கண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் தங்கையா தலையைச் சாய்த்து, "கேளுங்கம்மா, பேச ஆரம்பிச்சிட்டு" என்றார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். உள்ளே, அந்தச் சாம்பல் நிறத்துக்கு அடியில் எங்கோ, ஒரு மணல் தன் பிடியை விட்டது. தள்ளி இன்னொன்று விட்டது. முதலில் ஒன்றை ஒன்று அறியாதவைபோல விட்டன, பிறகு அறிந்தவைபோல. கடைசியில் எல்லாம் ஒரே சமயத்தில் கைவிட்டபோது வெடிச்சத்தம் ஒன்று வந்திருக்கவேண்டும். அது அவளுக்கு நினைவில் இல்லை. அதற்கு முந்தின முணுமுணுப்புத்தான் நாற்பத்தெட்டு வருஷமாகக் காதுக்குள் இருந்தது.

இன்றைக்கும் அதைக் கேட்டுவிடுவோமோ என்றுதான் எதிர்வீட்டு மதில் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டையில் மாசி மாதத்துக் காலை எட்டு மணிக்கே வெயில் மூக்கின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. எதிரே அவளுடைய சொந்த வீடு. பழைய வீட்டுக்கு முன்னால் புதிதாகக் கட்டின அறை. அந்த அறையின் கூரையோடு சேர்ந்து வாசலுக்கு மேலே ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தளம். தளத்துக்கு அடியில் சவுக்குக் கட்டை முட்டுகள், வெளிவரிசையில் ஐந்து, சுவரையொட்டி உள்வரிசையில் ஐந்து. இன்று இருபத்தெட்டாம் நாள். இன்றைக்கு அந்தப் பத்தையும் தட்டி எடுக்கவேண்டும். எடுத்தால் அந்த ஐந்தடி தன்னந்தனியாக நிற்கவேண்டும். "ரெண்டு தூண் போட்டுட்டா நிம்மதி டீச்சர்" என்று கொத்தனார் மாசானம் ஆரம்பத்திலேயே சொன்னார். அவள்தான் வேண்டாம் என்றாள். முப்பத்துமூன்று வருஷம் பிள்ளைகளுக்கு வரைந்து வரைந்து காட்டின படம் அது, ஒருபக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபக்கம் காற்றில் நிற்கிற தளம். தன் வீட்டில் அதற்குத் தூண் வைப்பதா? எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இந்த வீம்பு எதற்கு? மழைக்கு ஒதுங்கிக் குடையை மடக்கிப் பூட்டைத் திறக்க ஒரு நிழல் போதாதா? இரண்டு தூணோடு அந்த நிழல் கிடைத்தால் நனைந்தா போயிருப்பாய்?

விஷயம் வீம்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவளுக்குக் கணக்குத் தெரியும். சிமிண்டு நல்லது, மணலை அவளே சல்லடையில் இட்டுப் பார்த்தாள், ஜல்லியைக் கழுவச் சொன்னாள், இருபத்தெட்டு நாளும் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினாள். பயம் அதில் இல்லை. இந்த மாதிரித் தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்கவேண்டும்; வளைந்து தொங்கப் பார்க்கிற தளத்தை முதுகுப்பக்கமிருந்து இழுத்துப் பிடிப்பது அதுதான். கம்பி கீழே அமுங்கிப்போனால் அது இருந்தும் இல்லாததுபோல. அதையெல்லாம் நேராகத்தான் கட்டினார்கள். ஆனால் கான்கிரீட் போட்ட அன்று, இதே நாற்காலி இருந்த இடத்திலிருந்து எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், சித்தாள் பேச்சியம்மாள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பிகளின்மேல் மிதித்து நடந்ததைப் பார்த்தாள். ஒருதரம் இல்லை, நாலைந்துதரம். கம்பி அவள் காலுக்கடியில் கட்டில் கயிறுபோல இறங்கிற்று. ரூபவதி கத்தினாள். கலவை யந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாசானம் மட்டும் திரும்பிப் பார்த்து ஒரு கையை உயர்த்தி அசைத்தார். அந்தக் கைக்கு என்ன அர்த்தம்? சரி, தூக்கிவிடுகிறேன் என்றா? எல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்கள் போய் உட்காருங்கள் என்றா? இருபத்தெட்டு நாளாக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு உண்ணும்போது தட்டுக்கு மேலே அது அசைந்தது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் இருட்டில் அசைந்தது. மறுநாள் கேட்டபோது, "எல்லாம் சரியா இருக்கு டீச்சர்" என்றார் அவர். எந்தக் கொத்தனார் எந்த வீட்டுக்காரியிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறார்? கான்கிரீட் மூடிக்கொண்ட பிறகு உள்ளே பார்க்க யாராலும் முடியாது.

"டீச்சர் என்ன, பரீட்சை ஹாலுக்கு வந்த மாதிரில்லா உக்காந்திருக்காங்க" என்றாள் பேச்சியம்மாள், தளத்தின் அடியிலிருந்து பிரிக்கப்போகிற தகரத் தகடுகளை அடுக்க இடம் ஒதுக்கிக்கொண்டே. "நீ பாசாகணும்னா வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றார் மாசானம். ஐம்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் சுத்தியலோடு, வெளிவரிசை முட்டுகளைக் கண்ணாலேயே ஒன்று இரண்டு என்று தொட்டுப் பார்த்தார். ரூபவதி எழுந்து போனாள். தளத்தின் நுனிக்கு நேர்கீழே விடியற்காலையிலேயே ஒரு மூங்கிலை நட்டுவைத்திருந்தாள். மூங்கிலின் தலைக்கும் தளத்தின் அடிக்கும் நடுவே நாலு கல்யாணப் பத்திரிகை நுழைகிற சந்து. அந்த நாலு பத்திரிகையும் அங்கேயே செருகி வைத்திருந்தாள். இழுத்தால் வரும், விட்டால் விழாது. முட்டு போனதும் தளம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், இறங்காத தளம் உலகத்தில் இல்லை. கணக்குப்படி இரண்டு பத்திரிகை கனம் இறங்கலாம். அதற்குமேல் இறங்கி நாலும் சிக்கிக்கொண்டால்? "இது என்ன டீச்சர், பொண்ணு வீட்டுக்காரங்க பத்திரிகைய எல்லாம் முட்டுக் குடுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் மாசானம். "யாரும் உள்ள நிக்கவேண்டாம். வெளிய நின்னு நீளக் கட்டையால ஆப்பைத் தட்டு" என்றாள். "வெளிய நின்னு தட்டுனா ஆப்பு என் கண்ணுக்குத்தான் வரும்." "மாசானம், நான் சொல்லுறதக் கேளு." "டீச்சர், நுனியில இருந்து சுவரைப் பாத்து எடுக்கணும், நடுவுல கைவைக்கக்கூடாது, அதானே? எனக்குத் தெரியும். நீங்க போய் நிழல்ல இருங்க." கையை உயர்த்தி அசைத்தார். அதே கை.

முட்டுக்கு அடியில் செருகியிருந்த முதல் ஆப்பு விழுந்தது. டொக். கட்டை சாய்ந்தது, பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள். ரூபவதி காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றுமில்லை. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். இரண்டாவது ஆப்பு. இத்தனை நாள் இந்தக் கட்டை சுமந்ததை இப்போது யார் சுமக்கிறார்கள்? உள்ளே யாரோ. உள்ளே ஒரு ஜல்லி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு ஜல்லி, நடுவில் கொஞ்சம் மணல். சுமை எல்லோருக்கும் சமமாய்ப் போகும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், ஒருநாள் ஒரு பெட்டியில் மணலை நிரப்பி, அடியில் வெள்ளைத்தாளும் அதன்மேல் கார்பன் தாளும் வைத்து மேலிருந்து அழுத்திப் பார்க்கும்வரை. மணலைக் கொட்டிவிட்டுத் தாளை எடுத்தால், மழை தொடங்குகிறபோது முற்றத்தில் விழுமே முதல் துளிகள், அப்படிப் புள்ளி புள்ளியாக இருந்தது. சில புள்ளி கன்னங்கறுப்பு. சில புள்ளி மங்கல். நிறைய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு மணல் முழுப்பாரத்தையும் வாங்கியிருந்தது. அதன் தோளோடு தோள் ஒட்டி நின்ற மணல் சும்மா இருந்தது. திரும்பவும் கலைத்து நிரப்பி அழுத்தினாள். கறுப்பு இடம் மாறியிருந்தது. மூன்றாம்தரம் வேறொரு இடம். அதே பெட்டி, அதே மணல், அதே பாரம். யார் சுமப்பது என்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செல்லத்துரையிடம் அந்தத் தாளைக் காட்டினாள். அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். "உனக்கு மணலை விட்டா வேற பேச்சே கிடையாதா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டுதான். தாளைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. டொக். மூன்றாவது.

மணலுக்கு இன்னொரு குணம் உண்டு, அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. காய்ந்த மணலை ஒரு பெட்டி அளந்தால் ஒரு பெட்டி. அதிலேயே ஒரு கை தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி அளந்தால் ஒன்றேகால் பெட்டி. மணல் கூடவில்லை. ஒவ்வொரு மணலையும் தண்ணீர் ஒரு மெல்லிய சட்டைபோலப் போர்த்திக்கொள்கிறது, ஒன்றை ஒன்று நெருங்கவிடாமல் தள்ளி நிற்கவைக்கிறது. அதே மணலைத் தண்ணீரில் முழுக்க மூழ்கடித்தால் சட்டென்று பழைய ஒரு பெட்டிக்கு அடங்கிவிடும். கொஞ்சம் ஈரம் பொம்மிக்கொண்டு நிற்கும், நிறைய ஈரம் விட்டுக்கொடுக்கும். தனியாக ஒரு மணலை எடுத்து எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்தக் குணம் அதில் தெரியாது. கூட்டத்தில்தான் வரும். ஆகையால் ஈர மணலைப் பெட்டியால் அளந்து போட்டால் ஐந்து பெட்டிக்கு ஒரு பெட்டி வெறும் காற்று. ஜல்லிக்கு நடுவில் போகவேண்டிய மணல் போகாது. உள்ளே தேனடைபோலப் பொத்தல் பொத்தலாக நிற்கும். மேலே பூசிவிட்டால் தெரியாது. அதனால்தான் சோதனைக்கூடத்திலிருந்து கலவைச் சீட்டு எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி எழுதுவாள்: மணல் ஈரமாயிருந்தால் கால்பங்கு கூட்டிக்கொள்ளவும். ஆயிரம் சீட்டில் எழுதியிருப்பாள். எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் ஒரு சீட்டில் எழுதவில்லை.

நல்லூற்றுப்பட்டி என்று மேற்கே ஒரு ஊர், அங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குக் கூரை. காண்ட்ராக்டர் சோதனைக்கு மணலைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். ஒரு பங்கு சிமிண்டு, இரண்டு மணல், நாலு ஜல்லி என்று எழுதிக்கொண்டே வந்தாள். தாள் முடிந்துவிட்டது. கையெழுத்துக்கும் முத்திரைக்கும்தான் இடம் இருந்தது. இன்னொரு தாள் எடுக்க பீரோவைத் திறக்கவேண்டும், சாவி தங்கையாவிடம், தங்கையா டீக் குடிக்கப் போயிருந்தார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று முத்திரையைக் குத்திவிட்டாள். அந்த மாதம் பூராவும் மழை. அடுத்த மாதம் ஒருநாள் தங்கையா வந்து சொன்னார்: அந்த நல்லூற்றுப்பட்டிக் கூரை முட்டுப் பிரிக்கும்போது ஒரு மூலை விழுந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமையாம், பிள்ளைகள் இல்லையாம், அருளப்பன் என்று ஒரு கொத்தனார் அடியில் நின்றிருக்கிறார், பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், "ஆளு தேறுறது கஷ்டம்ங்காங்க." விழுந்த துண்டெல்லாம் பொத்தலும் ஓட்டையுமாக இருந்ததாம். விசாரணை நடந்தது. முட்டைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? ஆஸ்பத்திரி சோதனைக்கூடத்திலிருந்து நடந்துபோகிற தூரம். போகவில்லை. போய் உயிரோடு பார்த்தால் என்ன சொல்வது, இல்லையென்று சொன்னால் எங்கே போய் நிற்பது. ஒரு மாதம் பேப்பரைப் பிரிக்காமல் மடித்து மடித்து வைத்தாள். அதன்பிறகு கேட்காமலிருப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. எந்தக் கொத்தனாரிடம் பேசினாலும் அந்தப் பெயர் தொண்டைவரை வரும். மாசானம் இந்த வீட்டில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறார். கொத்தனார்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்காது. காலையில் டீ கொடுக்கும்போது வாயைத் திறப்பாள். சீனி போதுமா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவாள். இப்போது பார், அதேபோல இன்னொரு ஆள், அதேபோல ஒரு கூரைக்கு அடியில், அதேபோல அவள் உரக்கச் சொல்லாமல் விட்ட ஒன்றினால். கான்கிரீட் போட்ட அன்று யந்திரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். படியிறங்கிப் போய் மாசானத்தின் கையைப் பிடித்திருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நின்றாள். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லையா நீ?

வெளிவரிசை ஐந்தும் போய்விட்டது. எப்போது போயின என்று அவள் கவனிக்கவில்லை. அவசரமாக எழுந்து மூங்கிலிடம் போனாள். ஒரு பத்திரிகையை இழுத்தாள், கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. நாலாவதும் வந்தது. திரும்ப நாலையும் செருகப் பார்த்தாள், மூன்றுதான் போயிற்று. ஒரு பத்திரிகை இறங்கியிருக்கிறது. சரி. இன்னும் ஒன்றுக்கு அனுமதி உண்டு. மாசானம் உள்வரிசைக்குப் போய்விட்டார். சுவரோரம் குனிந்து சுத்தியலை ஓங்கினார். டொக். கட்டை சாய்ந்தது. அப்போது கேட்டது. தலைக்கு மேலே, வலது ஓரத்தில், சின்னதாக, ஓடு நெரிகிற சத்தம். ஒன்று. பிறகு தள்ளி ஒன்று. பிறகு நாலைந்து சேர்ந்து சடசடவென்று. ரூபவதி கத்தினாள். "மாசானம்! வெளிய வா! ஏலே வெளிய வந்துரு, பேசுது, பேசுது!" தன் குரலா அது? மாசானம் நிமிர்ந்து பார்த்தார். மேலேயும் பார்த்தார். சாவகாசமாகக் கையை நீட்டித் தளத்தின் அடியில் ஒட்டியிருந்த தகரத் தகட்டின் விளிம்பில் விரலை விட்டு ஓர் இழுப்பு இழுத்தார். தகடு சடசடவென்று கான்கிரீட்டை விட்டுப் பிரிந்து அவர் கையோடு வந்தது. "தகடு டீச்சர். இருபத்தெட்டு நாள் ஒட்டிட்டு இருந்துச்சுல்லா, பிரிய மனசில்லாம கத்துது." பேச்சியம்மாள் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். "கொத்தனாரே, ஒங்க வீட்டுக்காரிகூட ஒங்கள இப்படி ஏலேன்னு கூப்பிட்டிருக்க மாட்டா." "அவ இதவிட மோசமா கூப்பிடுவா" என்றார் மாசானம். ரூபவதி சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குப் போகாமல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஏழு. எட்டு. குவியலில் மணல் சரிவதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு மணலாக மேலே விட்டுக்கொண்டே இரு. குவியல் வாங்கிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒன்றைப் போடும்போது ஒரு பக்கம் முழுதும் சரியும். பிள்ளைகள் கேட்பார்கள், மேடம், எந்த மணலால் சரிந்தது? கடைசியாய்ப் போட்டதாலா? கடைசி மணலுக்கும் அதற்கு முந்தினதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, எல்லாமும் சேர்ந்து விளிம்புக்கு வந்து நின்றிருந்தன என்பாள். கரும்பலகையில் சொல்வது சுலபம். சரிந்தது தன் வாழ்க்கையில் என்றால் ஒவ்வொரு மணலுக்கும் தான்தான் அந்தக் கடைசி மணல் என்று தோன்றும். ஒன்பது. பேச்சியம்மாள் கட்டையை வாங்கித் தெருவோரம் கிடத்தினாள். பத்தாவது ஆப்பு இறுகியிருந்தது. மாசானம் இருதரம் அடித்தார், மூன்றுதரம் அடித்தார். நாலாவது அடிக்கு அது பல் விழுவதுபோல விழுந்தது. கட்டையை அவரே தோளில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து போட்டார். தெரு ஒரு கணம் நின்றதுபோலிருந்தது. ஐந்தடித் தளம், அடியில் ஒன்றுமில்லாமல், புதுச் சாம்பல் நிறத்தில், வெயிலில் நின்றது. அதற்குக் கீழே அவள் வாசலில் முதல்முறையாக, குறுக்கே கட்டையில்லாத நிழல் விழுந்திருந்தது. ரூபவதி பத்திரிகைகளைத் தொட்டாள். மூன்றும் இறுகிச் சிக்கியிருந்தன. ஒன்றைப் பலமாக இழுத்து உருவினாள். மீதி இரண்டும் இழுத்தால் வந்தன, விட்டால் விழவில்லை. இரண்டு பத்திரிகை. கணக்கில் வந்த அதே இரண்டு. கம்பி மேலேதான் இருக்கிறது. தூக்கிவிட்டிருக்கிறார். அந்தக் கை, சரி என்று சொன்ன கைதான்.

ஆனால் உடனே உள்ளே போகக்கூடாது. மாசானத்தின் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது: முட்டுப் பிரித்த கூரைக்கு அடியில் அதைப் போட்ட கொத்தனார் முதலில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டு முடிக்கவேண்டும், அதுவரைக்கும் வீட்டுக்காரர் வெளியே நிற்கவேண்டும். அவர் நடுவாசலில் சம்மணமிட்டு மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். வெற்றிலையைத் தொடையில் துடைத்தார். காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பை நகத்தால் தடவினார். இத்தனை மெதுவாக ஒரு மனுஷன் வெற்றிலை போடுவானா? ஐந்து நிமிஷம். பத்திரிகை அதே இடத்தில் நின்றது, இரண்டு வெளியே, இரண்டு உள்ளே. பத்து நிமிஷம். ரூபவதி மூச்சு விட்டாள். இருபத்தெட்டு நாளைக்கும் சேர்த்து விட்டதுபோல நீளமாக வந்தது. வெயில் சுகமாக இருந்தது. யார் வீட்டிலோ கடுகு வெடித்தது, அந்தச் சத்தம்கூட நன்றாக இருந்தது. பிறகு அவள் செய்தது வழக்கத்தில் இல்லாதது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய் மாசானத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "டீச்சர், வெத்தல இன்னும் முடியல." "முடியாட்டா என்ன. விழுந்தா ரெண்டுபேர் மேலயும் விழட்டும்." அவர் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். கேட்பதென்றால் இப்போதுதான். "மாசானம், அருளப்பன்னு ஒரு கொத்தனார். ரொம்ப வருஷத்துக்கு முந்தி நல்லூற்றுப்பட்டியில கூரை விழுந்துச்சே. அவர ஒனக்குத் தெரியுமா?"

"அருளப்பண்ணனா? எங்க கொழுந்தியா வீட்டுக்கு எதுத்த வீடுல்லா" என்றார் மாசானம், அடுத்த தெருவில் இருப்பவரைச் சொல்வதுபோல. ரூபவதி தரையில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். "அப்போ... அதுல ஒண்ணும் ஆகலையா அவருக்கு?" "இடது கால் கொஞ்சம் இழுக்கும். மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அப்புறம் சாரத்துல ஏறிட்டாருல்லா. ஏன் டீச்சர்?" அவள் சொன்னாள். மழை, தாள் முடிந்தது, பீரோச் சாவி, எழுதாமல் விட்ட ஒரு வரி. முப்பத்தேழு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, எச்சிலைத் துப்ப இடம் தேடிக்கொண்டிருந்த ஒரு மனிதரிடம் சொல்லி முடித்தாள். மாசானம் எழுந்துபோய்த் தெருவோரம் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "டீச்சர், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. நாங்க எந்தக் காலத்துல சீட்டைப் பாத்து மணல் போட்டோம்? காண்ட்ராக்டர் அத வாங்கி பில்லோட குத்தி வைப்பாரு, அம்புட்டுதான். அருளப்பண்ணனுக்கு வாசிக்கவே தெரியாது. மம்பட்டி மணல்ல எறங்குற சத்தத்துலயே ஈரம் எம்புட்டுன்னு சொல்லிப்புடுவாரு." பேச்சியம்மாள் தகட்டைத் தட்டிக்கொண்டே, "இந்த வீட்டுச் சீட்டுகூட எனக்கு முறுக்கு மடிக்கத்தான் ஆச்சு" என்றாள். "நீ சும்மா கெட" என்றார் அவர். "அந்தக் கூரை டீச்சர், ஒன்பதாம் நாளே அண்ணன் முட்ட எடுத்துட்டாரு. வேற வேலைக்குப் பலகை தேவைப்பட்டுச்சு. கொஞ்சம் தண்ணி உள்ள போச்சுன்னா அவரே சொல்லி அழுவாரு, எம்புத்திய என்ன சொல்லன்னு. அவரு மட்டுமா? எங்க மாமா அங்கதான் கையாளா இருந்தாரு. ஜல்லிய நான் கழுவல, அதான் விழுந்துச்சும்பாரு. கம்பி கட்டுனவன் கட்டுக்கம்பி பத்தல, ஒண்ணுவிட்டு ஒண்ணுதான் முடிச்சுப் போட்டேம்பான். அன்னைக்கு அங்க நின்ன அம்புட்டுப் பேரும் தன்னாலதான்னு சொல்லுவாங்க. நீங்கதான் பாக்கி இருந்தீங்க."

ரூபவதி தான் எழுதின ஆயிரம் சீட்டுகளும் எங்கெங்கோ பில்லோடு குத்தப்பட்டு மஞ்சளாகிக்கொண்டிருப்பதை ஒரு கணம் பார்த்தாள். அதில் ஒரு சின்ன வலி இருந்தது, ஆனால் உட்கார்ந்து அழுகிற அளவுக்கு இல்லை. அதற்கு அடியில் வேறொன்று அடங்கிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் பொம்மிக்கொண்டு நின்றதெல்லாம் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்து ஒரு பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே தகடுகளின் விளிம்பு பதிந்த கோடுகளோடு தளம் நின்றது. யார் சுமக்கிறார்கள் என்று தெரியவில்லை. நின்றது. "டீக்குச் சீனி போதுமான்னு தினமும் கேப்பீங்களே, இன்னைக்கு டீயே காணோம்" என்றார் மாசானம். "போடுறேன்" என்று எழுந்தாள். கதவுவரை போனவள் திரும்பி, "இப்போ அவர் எங்க இருக்கார்?" என்று கேட்டாள்.

அருளப்பன் அந்த விபத்துக்குப் பிறகு இன்னும் பதினெட்டு வருஷம் கொத்துவேலை பார்த்தார். இரண்டாயிரத்துப் பதினொன்று ஆனி மாதத்தில், சுரண்டையில் மகள் வீட்டில், ஒரு வாரக் காய்ச்சலில் இறந்துபோனார்.